வீடியோ தொகுப்பில் தேட எந்த வழி சரி? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

வீடியோ சேர்த்து வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆவணப்படக் குழுவாக இருக்கலாம், செய்தி நிறுவனமாக இருக்கலாம், ஆராய்ச்சிக்காக விலங்குகளைப் படமெடுப்பவர்களாக இருக்கலாம். ஃபுட்டேஜ் நூற்றுக்கணக்கான மணி நேரம் இருக்கிறது. "மழையில ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு போற மாதிரி ஒரு ஷாட் இருந்ததே, அது எங்கே?" என்று எடிட்டர் கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் தெரிவதில்லை. ஃபைல் பெயரில் தேதியும் கேமரா எண்ணும்தான் இருக்கும்.

இதற்கு இன்று பல தீர்வுகள் சொல்லப்படுகின்றன. ஆள் வைத்து டேக் போடு என்கிறார் ஒருவர். பேச்சை எழுத்தாக்கினால் போதும் என்கிறார் இன்னொருவர். கான்செப்ட் டிடெக்டர் (ஒரு பொருள் ஷாட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் மாடல்), எம்பெடிங் (படத்தையும் உரையையும் எண்வரிசையாக மாற்றி ஒப்பிடுவது), வீடியோவைப் பார்த்து விளக்கம் எழுதும் ஏ.ஐ. என்று பட்டியல் நீள்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மாடல் புதிது, எது சக்தி வாய்ந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பணம் வீணாகும். உங்கள் ஆட்கள் உண்மையில் என்னென்ன கேட்டுத் தேடுகிறார்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

கேள்வியின் ரகம். வீடியோவில் தேடுபவர்கள் கேட்பதைப் பார்த்தால் சில ரகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு குறிப்பிட்ட ஆள் அல்லது இடம். ஏதாவது ஒரு படகு, ஏதாவது ஒரு கூட்டம் என்று பொதுவான பொருளோ காட்சியோ. யாரோ பேசிய ஒரு வாக்கியம். ஓடுவது, விழுவது, கதவைத் திறப்பது போன்ற செயல். "முன்பு பார்த்தேன், அதே துண்டு வேண்டும்" என்ற வகை. ஒவ்வொரு வழியும் இவற்றில் சிலவற்றுக்கு நன்றாகவும் சிலவற்றுக்கு மோசமாகவும் இருக்கும்.

தவறவிட்டால் என்ன நஷ்டம். ஒரு விளம்பரத்துக்குச் சூரிய உதயம் தேடுபவருக்கு நல்ல ஷாட் பத்து கிடைத்தால் போதும். தொகுப்பில் இன்னும் நூறு இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஒருவர் தன் படத்தை நீக்கச் சொல்லிக் கேட்கிறார் என்றால் ஒரு ஷாட்கூட விடுபடக் கூடாது. இரண்டு வேலைக்கும் ஒரே கருவி பொருந்தாது.

தொகுப்பின் அளவும் வளர்ச்சியும். ஐம்பது மணி நேரமா, ஐயாயிரமா? வாரந்தோறும் சேருமா, அப்படியே நிற்குமா?

செலவு எங்கே விழுகிறது. தொடக்கத்திலா, ஒவ்வொரு மணி நேர வீடியோவுக்குமா, இல்லை மாடலை மாற்றும் ஒவ்வொரு முறையுமா? மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இவை போக, தேடும் மொழி, வீடியோ உங்கள் கையை விட்டு வெளியே போகலாமா என்ற அனுமதி, "இது ஏன் வந்தது" என்று விளக்க முடியுமா என்பது ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் இரண்டுதான்.

## எந்தத் தானியங்கி வழியானாலும் முதலில் வரும் வேலை

வீடியோவை அப்படியே தேட முடியாது, துண்டாக்க வேண்டும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு ஷாட். டிரான்ஸ்நெட் வி2, பைசீன்டிடெக்ட் போன்ற இலவசக் கருவிகள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. எடிட் செய்த வீடியோவில் ஷாட்கள் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் வி3சி1 என்ற தொகுப்பில் சுமார் 1000 மணி நேர வீடியோ, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட்கள். சராசரியாக ஒரு ஷாட் மூன்று விநாடிக்குச் சற்று மேல்.

வகுப்பறைப் பதிவு, கண்காணிப்புக் கேமரா, அசையாமல் நிறுத்தி எடுத்த பேட்டி இவற்றில் வெட்டே இருக்காது. அங்கே சில விநாடிகளுக்கு ஒரு முறை கணக்கு வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு ஷாட்டுக்கு நடுவில் உள்ள ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்து வேலையை முடித்துவிடுவது பரவலான பழக்கம். நீண்ட ஷாட்டில் கேமரா நகர்ந்துகொண்டே போகும்போது ஓரத்தில் வந்து போன பொருள் அந்த ஃப்ரேமில் இல்லாமல் போனால், அதற்கு மேல் எவ்வளவு நல்ல மாடலைப் போட்டாலும் அது கிடைக்காது.

## அரிதான பொருளின் கணக்கு

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒரு கணக்கு. விற்பனையாளர் "95 சதவீதம் துல்லியம்" என்று சொல்லும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது.

தொகுப்பில் பத்து லட்சம் ஷாட். நீங்கள் தேடும் பொருள் ஆயிரத்தில் ஒன்றில் இருக்கிறது, அதாவது 1000 ஷாட்டில். டிடெக்டர் இருக்கும் இடங்களில் 95 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. இல்லாத இடங்களில் 2 சதவீதத்தில் மட்டும் தவறாக "இருக்கிறது" என்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? பிடிபட்ட சரியான ஷாட்கள் 950. தவறானவை 9,99,000-இல் 2 சதவீதம், அதாவது 19,980. மொத்தம் வரும் 20,930 ஷாட்டில் சரியானது வெறும் 4.5 சதவீதம். ஒரு சரியான ஷாட்டைப் பார்க்க இருபத்திரண்டு ஷாட்டைப் புரட்ட வேண்டும்.

மாடல் மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. பொருள் அரிது என்பதால் ஆகிறது. அதனால்தான் இந்தத் துறையில் "ஆம், இல்லை" என்ற விடையை நம்பாமல், மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி மேலே இருப்பதைப் பார்க்கிறார்கள். வரிசையின் தலையில் சரியானவை குவிந்திருந்தால் மேற்சொன்ன டிடெக்டரே மிகவும் பயனுள்ளது. ஆகவே யாரிடமும் துல்லியச் சதவீதம் கேட்காதீர்கள். "முதல் இருபதில் எத்தனை சரி" என்று கேளுங்கள். எதுவும் விடுபடக் கூடாத வேலை என்றால், "எத்தனையாவது இடம் வரை இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாம் கிடைக்கும்" என்று கேளுங்கள்.

## வழி 1: ஆள் வைத்துக் குறிப்பெழுதுவது

பழைய வழி என்று ஒதுக்க வேண்டாம். படத்தில் இருப்பவர் யார், எந்த நிகழ்ச்சி, ஏன் எடுத்தோம், பயன்படுத்த உரிமை இருக்கிறதா என்பதெல்லாம் ஃப்ரேமில் தெரியாது. அது மனிதருக்கு மட்டுமே தெரிந்த தகவல். எழுதி வைக்காவிட்டால், தெரிந்தவர் வேலையை விட்டுப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

மறைமுகச் செலவு இரண்டு. ஷாட் ஷாட்டாகக் குறிப்பெழுத வீடியோ ஓடும் நேரத்தைப் போலப் பல மடங்கு ஆகும் என்பது முதலாவது. இரண்டாவது இன்னும் பெரிது. ஒருவர் "படகு" என்று எழுதுவார், இன்னொருவர் "தோணி" என்பார், மூன்றாமவர் "மீன்பிடிப்பு" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். சொற்பட்டியல் ஒன்றை முடிவு செய்து அதிலிருந்தே தேர்ந்தெடுக்க வைத்தால் ஓரளவு தப்பலாம். அப்போதும், குறிப்பெழுதியவருக்கு அன்று முக்கியமாகப் பட்டதுதான் பதிவாகும். பின்னணியில் தெரியும் பழைய பேருந்தை யாரும் எழுத மாட்டார்கள். பத்து வருடம் கழித்து ஒருவர் தேடி வருவது அந்தப் பேருந்தை.

தொகுப்பு சிறியது, ஒவ்வொரு துண்டும் மதிப்புள்ளது, கேள்விகள் பெரும்பாலும் ஆள், இடம், நிகழ்ச்சி பற்றியவை என்றால் இதுவே சரி. பெரிய தொகுப்பிலும் ஃபைலுக்கு நாலு வரி என்ற அளவில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

## வழி 2: பேச்சையும் திரையில் உள்ள எழுத்தையும் எழுத்தாக்குவது

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது எது என்று கேட்டால், பேச்சு நிறைந்த தொகுப்புக்கு இதைத்தான் சொல்வேன். எண்ணம் புதிதல்ல. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய இன்ஃபர்மீடியா திட்டமே பேச்சறிதலைப் படப் பகுப்பாய்வோடு சேர்த்து வீடியோ நூலகத்தில் தேட முயன்றது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் வந்த பிறகு நல்ல எழுத்தாக்கம் எல்லோருக்கும் எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. அது 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது. தமிழும் அதில் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் நேரக்குறிப்போடு கிடைப்பதால், தேடிய சொல் வந்த இடத்திலேயே வீடியோவைத் திறக்கலாம்.

சிக்கல் எங்கே? பேசும்போது திரையில் அந்தப் பொருள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெள்ளத்தைப் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசுவார், திரையில் அவர் முகம்தான் இருக்கும். வெள்ளத்தின் உண்மையான காட்சிகள் ஒலியே இல்லாத ஷாட்களாக வேறொரு ஃபைலில் கிடக்கும். எடிட்டர் கேட்பது பெரும்பாலும் அந்த இரண்டாவதைத்தான்.

அப்புறம், அமைதியான இடத்திலும் வெறும் இசை ஓடும் இடத்திலும் விஸ்பர் சில சமயம் யாரும் பேசாத வாக்கியத்தைச் சொந்தமாக எழுதிவிடும். பேச்சு இருக்கும் பகுதியை மட்டும் முதலில் பிரித்துக் கொடுத்தால் இது வெகுவாகக் குறையும். பேச்சு வழக்கு, ஆங்கிலம் கலந்த பேச்சு, ஊர்ப்பெயர், ஆள்பெயர் ஆகியவற்றில் பிழை கூடுதலாக வரும்.

தமிழில் தேடுபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஆறு" என்று தேடினால் "ஆற்றில்", "ஆற்றங்கரை", "ஆறுகளை" எதுவும் வராது, தேடுபொறி முழுச் சொல்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ரகமாக இருந்தால். வேர்ச்சொல்லைப் பிரித்தறியும் வசதியோ, பொருளை வைத்து ஒப்பிடும் உரை எம்பெடிங்கோ கட்டாயம் வேண்டும். இதைப் போடாமல் "தமிழில் சரியாக வரவில்லை" என்று எழுத்தாக்கத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

திரையில் உள்ள எழுத்தை வாசிப்பது எளிது. செய்தியின் கீழ்வரி, பெயர்ப்பலகை, வகுப்பு ஸ்லைடு எல்லாம் பிடிபடும். பெயர் தேடுபவர்களுக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் பேசுபவரின் பெயர் பலசமயம் திரையில் சரியான எழுத்தோடு இருக்கும்.

## வழி 3: கான்செப்ட் டிடெக்டர்கள்

"படகு", "கூட்டம்", "தீ", "உட்புறம்", "ஓடும் ஆள்" என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் உதாரணங்கள் காட்டிப் பயிற்றுவித்து, எல்லா ஷாட்டுக்கும் மதிப்பெண் போட்டு வைப்பது இந்த வழி. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நடத்தும் டிரெக்விட் என்ற வீடியோ தேடல் மதிப்பீடுகளில் பல ஆண்டுகள் இதுதான் மையமாக இருந்தது. அது 2001இல் டிரெக் என்ற உரைத் தேடல் மதிப்பீட்டின் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி 2003இல் தனி நிகழ்வானது. 2006இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மீடியாமில் குழு 101 கான்செப்டுகளை வெளியிட்டது. அதே காலத்தில் எல்ஸ்காம் என்ற கூட்டு முயற்சி செய்தி வீடியோவுக்காக 800க்கும் மேற்பட்ட கான்செப்டுகளை வரையறுத்தது. அவற்றில் 449-க்கு மனிதர்கள் உட்கார்ந்து ஷாட் ஷாட்டாகக் குறி வைத்தார்கள்.

எத்தனை கான்செப்ட் இருந்தால் போதும் என்ற கேள்வியும் அப்போதே வந்தது. 2007இல் அலெக்சாண்டர் ஹௌப்ட்மனும் சக ஆய்வாளர்களும் செய்தி வீடியோவை வைத்து ஒரு மதிப்பீடு கொடுத்தார்கள். 5000க்கும் குறைவான கான்செப்டுகள் இருந்தால், ஒவ்வொன்றும் சுமாராக வேலை செய்தாலும், இணையத்தில் உரை தேடுவதற்கு நிகரான பலன் கிடைக்கக்கூடும் என்றார்கள். தனித்தனியே பலவீனமான டிடெக்டர்களும் நிறையச் சேர்ந்தால் பயன் தரும் என்ற இந்த எண்ணம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் ஐயாயிரம் கான்செப்டுக்கு உதாரணம் சேகரித்துப் பராமரிப்பது எந்தச் சின்னக் குழுவாலும் ஆகாத காரியம்.

இதில் ஒரு பொறி உண்டு. "படகு" டிடெக்டர் தரும் வரிசையைத் திறந்து பாருங்கள். மேலே ஏரியில் படகுகள், நல்லது. நடுவே படகே இல்லாத வெறும் ஏரி ஒன்று உயர்ந்த மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கும். லாரியில் ஏற்றிச் செல்லும் படகு எங்கோ அடியில் கிடக்கும். உதாரணங்களில் படகோடு எப்போதும் தண்ணீர் இருந்ததால், மாடல் பாதி தண்ணீரைக் கற்றுக்கொண்டது. கரையில் கவிழ்த்து வைத்த படகு, பட்டறையில் இருக்கும் படகு, படகில்லாத தண்ணீர் என்று வேண்டுமென்றே தேடிச் சேர்த்தால்தான் இது சரியாகும். பட்டியல் போடுவதைவிட இப்படிப்பட்ட உதாரணங்களை, குறிப்பாகப் பொருள் இல்லாத எதிர்மறை உதாரணங்களை, சேர்ப்பதில்தான் வேலை அதிகம். இதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. இன்னொன்று, செய்தி வீடியோவில் பயின்ற டிடெக்டரை வீட்டு வீடியோவிலோ நீருக்கடியில் எடுத்த வீடியோவிலோ போட்டால் தரம் சட்டென்று விழும்.

இருந்தும் இதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஒரே கேள்வி தினமும் வருகிறது, எதுவும் விடுபடக் கூடாது, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று அளந்து சொல்ல வேண்டும், முடிவை இன்னொருவரிடம் நியாயப்படுத்த வேண்டும் என்றால் டிடெக்டர்தான் நல்லது. வன்முறைக் காட்சியைப் பிரிப்பது, ஒரு குறிப்பிட்ட விலங்கினம் தெரியும் ஷாட்களை எண்ணுவது போன்ற வேலைகளுக்கு இதுவே பொருந்தும்.

## வழி 4: எம்பெடிங் தேடல்

2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ கிளிப் என்ற மாடலை வெளியிட்டது. இணையத்திலிருந்து எடுத்த 40 கோடி படம், உரை ஜோடிகளில் பயின்றது. படத்தையும் வாக்கியத்தையும் ஒரே வெளியில் எண்வரிசைகளாக மாற்றும். பொருந்தும் படமும் வாக்கியமும் அருகருகே விழும். ஷாட்களை ஒரு முறை மாற்றி வைத்துவிட்டால், பிறகு எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அருகில் உள்ள ஷாட்களை உடனே எடுக்கலாம். முன்கூட்டிய பட்டியல் வேண்டாம், உதாரணமும் வேண்டாம். மழையில் சைக்கிள் தள்ளும் ஆளை அப்படியே கேட்கலாம்.

டிரெக்விட் 2016 முதல் நடத்திவரும் வீடியோ தேடல் பணியில் இப்படிப்பட்ட வாக்கியக் கேள்விகளைத்தான் கொடுக்கிறார்கள். முதல் ஆண்டுகளில் கான்செப்ட் பட்டியலோடு வந்த குழுக்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன.

சேமிப்பு பற்றிப் பயப்பட வேண்டாம். கிளிப்பின் சிறிய வடிவம் ஒரு படத்துக்கு 512 எண்கள் தரும். எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு ஷாட்டுக்கு 2048 பைட். பத்து லட்சம் ஷாட்டுக்குச் சுமார் 2 ஜி.பி. ஆயிரம் மணி நேரத் தொகுப்பின் தேடல் அட்டவணை ஒரு சாதாரண மடிக்கணினியின் நினைவகத்திலேயே அடங்கிவிடும். அருகில் உள்ள எண்வரிசைகளைத் தேடித் தரும் ஃபேஸ் (FAISS) போன்ற இலவச மென்பொருள் நூலகங்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நேரம் எடுப்பது வீடியோவைத் திறந்து ஃப்ரேம்களை எடுப்பதும் மாடலில் ஓட்டுவதும்தான்.

இதன் பலவீனங்களைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. "தொப்பி இல்லாத ஆள்" என்று கேட்டால் தொப்பி போட்டவர்கள் வரிசையாக வருவார்கள். மறுப்பு இதற்குப் பெரும்பாலும் புரிவதில்லை. "நான்கு பேர்", "இடப்பக்கம்", "நாய் பூனையைத் துரத்துகிறது" என்று எண்ணிக்கை, திசை, யார் யாரை என்ற விவரம் வந்தால் தடுமாறும். ஒரே ஃப்ரேமைப் பார்ப்பதால் கதவு திறக்கிறதா மூடுகிறதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. படத்தில் எழுத்து இருந்தால் அந்த எழுத்து பொருளையே மறைத்துவிடும். ஆப்பிள் பழத்தின் மேல் "ஐபாட்" என்று எழுதிய தாளை ஒட்டினால் மாடல் அதை ஐபாட் என்று சொன்னதை 2021இல் அதை உருவாக்கியவர்களே காட்டினார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. தொகுப்பில் நீங்கள் கேட்ட பொருள் இல்லவே இல்லை என்றாலும் இது ஏதோ இருபது ஷாட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். "இல்லை" என்று சொல்லத் தெரியாது. ஒரு கேள்விக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை இன்னொரு கேள்வியின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது, அதனால் பொதுவான ஒரு வெட்டுக்கோடும் போட முடியாது. எதுவும் விடுபடக் கூடாத வேலைக்கு இதை மட்டும் நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மொழி விஷயம்: முதலில் வந்த கிளிப் பெரும்பாலும் ஆங்கில உரையில் பயின்றது. தமிழ்க் கேள்வியை மொழிபெயர்த்து அனுப்பலாம், அல்லது பல மொழிகளில் பயின்ற பிந்தைய மாடல்களை எடுக்கலாம். இரண்டையும் உங்கள் சொந்தக் கேள்விகளில் ஓட்டிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். மாடலை மாற்றினால் பழைய எண்வரிசை எதுவும் உதவாது, முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்ட வேண்டும். எடுத்த ஃப்ரேம்களைச் சிறிய படங்களாகச் சேமித்து வைத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

## வழி 5: மாடல் எழுதும் விளக்கங்கள்

வீடியோவைப் பார்த்து வாக்கியம் எழுதும் பெரிய மாடல்கள் இப்போது வந்துவிட்டன. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு பத்தி எழுத வைத்து, அந்த உரையில் தேடலாம். பல ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்ப்பதால் செயல்களில் எம்பெடிங்கைவிட மேல். முடிவு படிக்கும்படி இருப்பதால் ஏன் வந்தது என்று புரியும்.

ஆனால் செலவு ஷாட் கணக்கில் ஏறும். பத்து லட்சம் ஷாட்டுக்கு எழுத வைப்பது சிறிய குழுவால் தாங்காது. இல்லாத பொருளை இருப்பதாகவும் எழுதும். இன்னொன்று, மாடல் தனக்கு முக்கியமாகப் பட்டதைத்தான் எழுதும். பின்னணிப் பேருந்து மனிதர் குறிப்பில் விடுபட்டதைப் போலவே இங்கும் விடுபடும். முழுத் தொகுப்புக்கும் இதை ஓட்டுவதைவிட, எம்பெடிங் கொண்டுவந்த முதல் நூறு ஷாட்டைக் கொடுத்து "இதில் உண்மையிலேயே தொப்பி இல்லாத ஆள் இருக்கிறாரா" என்று சரிபார்க்க வைப்பதுதான் சரியான பயன்பாடு என்று நினைக்கிறேன். செலவு மிகச் சிறியதாகிவிடும், மறுப்பு, எண்ணிக்கை போன்ற பலவீனங்களும் பெருமளவு சரியாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கேள்விக்கு நல்லது | எங்கே சறுக்கும் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| கைக்குறிப்பு | ஆள், இடம், நிகழ்ச்சி, உரிமை | பின்னணிப் பொருள், பெரிய தொகுப்பு | சொற்களில் ஒழுங்கின்மை |
| பேச்சு, திரை எழுத்து | பேசிய வாக்கியம், பெயர் | ஒலியில்லாத காட்சிகள் | விகுதிகளைக் கையாளும் தேடல், பெயர்ப்பிழை திருத்தம் |
| கான்செப்ட் டிடெக்டர் | தினமும் வரும் ஒரே கேள்வி, விடுபடக் கூடாத வேலை | பட்டியலில் இல்லாத எதுவும் | எதிர்மறை உதாரணங்கள் சேர்ப்பது |
| எம்பெடிங் | எதிர்பாராத காட்சிக் கேள்விகள் | மறுப்பு, எண்ணிக்கை, செயல் | மாடல் மாறினால் எல்லாம் மறுபடி |
| மாடல் விளக்கம் | செயல், முடிவைச் சரிபார்ப்பது | விடுபடுதல், கற்பனை | ஷாட்டுக்கு ஷாட் கட்டணம் |

## சேர்த்துப் பயன்படுத்துவது

மூன்றாவதும் நான்காவதும் எதிரெதிர் என்று நினைக்க வேண்டியதில்லை. எம்பெடிங் எண்வரிசைகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு எளிய நேர்கோட்டு வகைப்படுத்தியை (சரி, தவறு என்று இரண்டாகப் பிரிக்கும் சிறிய மாடல்) பயிற்றுவித்தாலே சொந்த டிடெக்டர் ஒன்று கிடைத்துவிடும். வாக்கியத்தால் தேடி முதலில் வருவதைப் பார்த்து சரி, தவறு என்று குறிக்க வேண்டும். தவறாக மேலே வந்த வெறும் ஏரிதான் உங்களுக்கு வேண்டிய எதிர்மறை உதாரணம், அது தேடாமலே வந்து நிற்கிறது. சில பத்து உதாரணங்களிலேயே வரிசை நன்றாகத் தெளியும், பயிற்சி சில விநாடிகளில் முடியும். எல்ஸ்காம் காலத்தில் பெரிய குழுக்கள் செய்த வேலையை, தேவைப்படும் பத்துப் பதினைந்து கான்செப்டுக்கு மட்டும், இன்று ஒருவரே செய்ய முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தரும் மாற்றம் இது.

தேடும் திரையின் வடிவமைப்பையும் விட்டுவிடாதீர்கள். 2012 முதல் வீடியோ பிரவுசர் ஷோடவுன் என்ற நேரடிப் போட்டி நடக்கிறது. பார்வையாளர் முன் கடிகாரம் ஓட, குழுக்கள் பெரிய தொகுப்பில் ஒரு குறிப்பிட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே மாடல் மட்டும் வெற்றி தருவதில்லை. "முதலில் இது, அடுத்து அது" என்று இரண்டு காட்சிகளை வரிசையாகக் கேட்கும் வசதி, கிடைத்த ஷாட்டைப் போன்றதை மேலும் கேட்பது, சிறு படங்களை வேகமாகப் புரட்டுவது எல்லாம் பெரிய வித்தியாசம் செய்கின்றன. முன்பு பார்த்த துண்டைத் தேடுபவருக்கு இந்த முதல் வசதி ஒன்றே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

## உங்கள் நிலைமைக்கு எது

பேட்டி, உரை, வகுப்பு நிறைந்த தொகுப்பு என்றால் இரண்டாவது வழியோடு ஃபைலுக்கு நாலு வரிக் குறிப்பு. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடிட் செய்யாத காட்சிகள் நிறைந்த தொகுப்பு, என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை என்றால் எம்பெடிங்கில் தொடங்குங்கள். பேச்சும் கொஞ்சம் இருந்தால் எழுத்தாக்கத்தையும் சேர்த்து, இரண்டு வரிசைகளையும் கலந்து காட்டுங்கள்.

கண்காணிப்பு, உள்ளடக்கச் சோதனை, அறிவியல் கணக்கெடுப்பு என்றால் டிடெக்டர், அளந்து சரிபார்த்த பிறகு மட்டும். முகத்தை வைத்து ஆளைத் தேடுவது தனிக் கதை. அதற்குத் தனி மாடல் வேண்டும், பல நாடுகளில் தனிச் சட்டமும் உண்டு. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் அதில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐம்பது மணி நேரத்துக்குக் குறைவாக, வளராமல் நிற்கும் தொகுப்பு என்றால் ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதுவதே மலிவு.

வாடகைச் சேவையா, சொந்தக் கணினியா என்பது மேற்சொன்ன ஐந்துக்கும் குறுக்காக ஓடும் கேள்வி. வாடகையில் தொடக்கம் எளிது. ஆனால் ஒரு நாள் அவர்கள் மாடலை மாற்றினால் உங்கள் வரிசைகளும் மாறும். டேக்கையும் எண்வரிசையையும் நேரக்குறிப்போடு முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

## முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை

கடந்த சில மாதங்களில் உண்மையில் வந்த கோரிக்கைகளிலிருந்து முப்பதை எழுதுங்கள். கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். ஒவ்வொன்றும் எந்த ரகம் என்று பக்கத்தில் குறியுங்கள். பலருக்கு இந்தக் கட்டத்திலேயே விடை தெரிந்துவிடும்: முப்பதில் இருபது பெயர் கேட்பதாக இருந்தால் காட்சி மாடல்களுக்கு அவசரம் இல்லை.

பிறகு தொகுப்பில் இருபது மணி நேரத்தை எடுத்து, பார்க்கும் வழிகளை அதில் ஓட்டுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் இருபது முடிவைப் பார்த்து சரி, தவறு போடுங்கள். எந்த வழியிலிருந்து வந்த முடிவு என்று குறிப்பவருக்குத் தெரியக் கூடாது; எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்து கொடுக்க வேண்டும். டிரெக்விட்டிலும் இதே முறைதான்: போட்டியிடும் குழுக்களின் முடிவுகளைத் திரட்டி ஒன்றாக்கி, மதிப்பிடுபவர்களிடம் கொடுப்பார்கள். விடுபட்டதை அளக்க, தொகுப்பில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த பத்து ஷாட்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, அவை எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று பாருங்கள். தொகுப்பில் இல்லாத இரண்டு மூன்று பொருட்களையும் கேட்டுப் பாருங்கள். அப்போது என்ன வருகிறது என்பதைப் பார்த்தால், பயன்படுத்தப் போகிறவர்கள் எவ்வளவு ஏமாறக்கூடும் என்று தெரியும்.

அந்த முப்பது கேள்வியையும் மதிப்பெண்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த முறை புதிய மாடல் ஒன்று வந்து மாற்றலாமா என்று கேள்வி எழும்போது, அதே தாளை எடுத்து ஒரு மத்தியான வேலையாக ஓட்டிப் பார்த்துவிடலாம்.